நான் போட்ட உப்பு

மகனே,

போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் 'சாப்பிட்டியா, அங்க மழையா' என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வாயால வரலன்னா எழுதியாவது தொலைங்க. அவன் பிளேன் ஏர்றதுக்குள்ள அவனுக்குத் தெரியணும்" என்றாள். நகத்திடுக்கெல்லாம் சாயம் ஏறிய இந்தக் கையால் பேனா பிடித்து ரொம்ப நாளாகிவிட்டது. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். வருகிற வாரம் உன் சோதனைக் குப்பிகளை அங்கன்வாடிகளுக்குக் கொடுக்கப் போகிறாய், அடுத்த மாதம் வெளிநாடு போகிறாய். விஷயத்தைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்துவைத்து உன்னைத் தேட விடமாட்டேன். உன் ஆராய்ச்சிக்காக நான் வடித்துக் கொடுத்த கஞ்சியில் உப்பு இருந்தது. ஆறு பாட்டிலில் மூன்றில் இருந்தது. எந்த மூன்று என்பதில்தான் வினையே இருக்கிறது.

இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் எழுந்து போய்விடாதே, முழுதும் படி. எனக்கு இப்போதெல்லாம் கோபம்கூட வருவதில்லை, அலுப்புதான் வருகிறது. காலையில் பட்டறைக் கதவைத் திறக்கும்போதே அலுப்பு. தொட்டியில் தண்ணீர் கொதிக்கும், பட்டு நூல் கழியில் தொங்கும், முப்பத்தைந்து வருஷமாகக் கிளறிய கை தானாகக் கிளறும். அந்தக் கை செய்த வேலையைத்தான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லாம் உன் அம்மாவின் காலில் ஆரம்பித்தது. தொண்ணூறுகளின் நடுவில் நம் பட்டறையில் வேலை நன்றாக ஓடியது. கையில் நாலு காசு புரண்டதும் நான் செய்த முதல் காரியம், மில்லில் சொல்லி வீட்டுக்கு இரண்டு தரம் தீட்டிய அரிசி வாங்கியதுதான். மல்லிகைப்பூ மாதிரி சோறு வேண்டும் எனக்கு. என் சின்ன வயதில் பழுப்புச் சோறு தின்று வளர்ந்தவன் நான், அதனால் வெள்ளைச் சோறு என்றால் ஒரு மிதப்பு. வடித்த கஞ்சியையும் மாட்டுத் தொட்டியில் ஊற்றச் சொல்லிவிட்டேன். கஞ்சி குடிக்கிற வீடு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். காய்கறி, பருப்பு எல்லாம் எனக்கும் உனக்கும் போன பிறகு உன் அம்மாவுக்கு மிஞ்சியது அந்த வெள்ளைச் சோறும் ரசமும்தான். இரண்டு வருஷத்தில் அவளுக்குக் கால் எரிய ஆரம்பித்தது. "பட்டறை ஈரத்துல நிக்கிறியே, அதான். எண்ணெய் தேய்ச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். பிறகு செருப்பு காலை விட்டுக் கழன்று விழுந்தது அவளுக்கே தெரியவில்லை. ஒரு செருப்போடு கடைத்தெருவிலிருந்து வீடுவரை நடந்து வந்தாள். நீதான் பார்த்துச் சொன்னாய்.

வேலூரில் டாக்டர் ஊசி போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு என்னைத்தான் பார்த்தார். "பி ஒன் வைட்டமின் இல்லைங்க. தவிட்டோட அதைத் தீட்டி எடுத்துட்டு, மிச்சத்தையும் வடிச்சிக் கொட்டிட்டா உடம்புக்கு எங்கிருந்து வரும்? புழுங்கல் அரிசி வாங்குங்க, கஞ்சியைக் கீழ ஊத்தாதீங்க" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் நீ ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டாய். "அரிசியில அது இருக்கா இல்லையான்னு கண்ணால பாக்க முடியுமா?" எனக்கு எரிச்சல். "கண்ணுக்குத் தெரிஞ்சா நான் ஏன்டா அந்த அரிசியை வாங்கறேன்" என்று அதட்டினேன். அப்போது நீ பிளஸ் டூ. அந்தக் கேள்வியை நீ விடவில்லை என்று எனக்குத் தெரிய வந்தபோது பத்து வருஷம் ஓடியிருந்தது. உன் அம்மாவுக்குக் கால் எரிச்சல் போய்விட்டது. இடது காலில் செருப்பு மட்டும் இன்னும் நிற்பதில்லை.

நீ முதல்முதலாக அந்தச் சிவப்புத் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுவந்த பொங்கலை நான் மறக்கமாட்டேன். மாதுளம்பழத்தைப் பிழிந்த மாதிரி ஒரு நிறம். தங்கம் என்றாய். நான் சிரித்தேன். ஜரிகை பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன ஊர் இது, தங்கம் மஞ்சள் என்று எங்களுக்குத் தெரியாதா? நீ பொறுமையாகச் சொன்னாய். "கண்ணுக்கே தெரியாத அளவுக்குத் துகளாக்கிட்டா தங்கம் சிவப்பாத்தாம்பா தெரியும். நானோ துகள்னு சொல்வாங்க. ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம தனித்தனியா மிதந்துகினு இருந்தா சிவப்பு. பி ஒன் பட்டா எல்லாம் கிட்ட வந்து ஒட்டிக்கும். ஒட்டிக்கினா நீலம்." பாட்டிலில் அடைத்து ஐஸில் வைத்துக் கொண்டுவந்திருந்த கஞ்சித் தெளிவில் ஒரு சொட்டு விட்டாய். சிவப்பு ஊதாவாகி, ஊதா நீலமானது. முப்பத்தைந்து வருஷம் நிறத்தோடு மல்லுக்கட்டியவன் நான். ஒரு சொட்டில் நிறம் அப்படித் திரும்பி நான் பார்த்ததில்லை. உன் அம்மா, "என் காலுக்குள்ள இல்லாம போனது இதானா?" என்று கேட்டாள். நீ அவள் காலைப் பிடித்துவிட்டாய். மிச்சத் தண்ணீரை எனக்கே கொடுத்துவிட்டுப் போனாய், பட்டறை அலமாரியில் வைத்துக்கொண்டேன்.

அன்று நீ சொட்டு விட்ட அந்தக் கஞ்சி, அதற்குச் சில வாரம் முன்பு மார்கழியில் நான் வடித்துக் கொடுத்தது. அந்த நாள் உனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கும். ஆறு பொட்டலம் அரிசியோடும் ஒரு கேன் காய்ச்சி வடித்த தண்ணீரோடும் ஊருக்கு வந்தாய். மூன்று பச்சரிசி, மூன்று புழுங்கல். ஒவ்வொன்றையும் வடித்து, தெளிவை மறுநாள் காலேஜில் உன் சார் முன்னால் சோதித்துக் காட்ட வேண்டும். வந்த இடத்தில் காய்ச்சல் வந்து சுருண்டு படுத்துவிட்டாய். உன் அம்மா வடிக்கிறேன் என்று எழுந்தாள். நான் விடவில்லை. "தள்ளு. இது அளவு வேலை. சாயம் ஒரு கிராம் கூடினா அரக்கு, குறைஞ்சா மிளகாய்ப்பழச் சிவப்பு. எனக்கா அளவு தெரியாது?" என்று வீராப்பு பேசினேன். நீ எழுதிக் கொடுத்த சீட்டைக் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தேன். 'அரிசி, இந்தக் கேன் தண்ணீர் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது' என்று எழுதியிருந்தாய். சத்தியமாகப் படித்தேன் மகனே. ஆனால் உலையில் உப்புப் போடுவது இந்த வீட்டில் எதையோ சேர்க்கிற கணக்கில் வருவதில்லை. அரிசி களைவது போல அதுவும் சோறு வடிப்பதில் ஒரு பங்கு. தராசில் அரிசியை நிறுத்தேன், தண்ணீரை அளந்தேன், நேரம் பார்த்தேன். உப்பை மட்டும் கை தானாக அள்ளிப் போட்டது. உன் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் போட்டிருந்தால்கூட நீ அப்போதே கண்டுபிடித்திருப்பாய். ஆறும் நீலமாகியிருக்கும், ஏதோ கோளாறு என்று தூக்கிப் போட்டிருப்பாய். நான் புழுங்கலில் மட்டும்தான் போட்டேன். பச்சரிசி நம் வீட்டில் எதற்கு வரும்? அமாவாசைக்கும் படையலுக்கும்தான் வரும். படையல் சோற்றுக்கு நாம் உப்புப் போடுவதில்லை, என் அப்பா காலத்திலிருந்தே பழக்கம் அது. பச்சரிசி உலை கொதித்தால் என் கை உப்பு ஜாடிப் பக்கமே போகாது. அதனால் புழுங்கல் மூன்றும் உப்போடு, பச்சரிசி மூன்றும் உப்பில்லாமல் பாட்டிலுக்குள் போயின. விடியற்காலை பஸ்ஸில் உன்னை ஏற்றிவிட்டு, பாட்டில் உடையாமல் என் பழைய வேட்டியைச் சுற்றிக் கொடுத்தேன்.

உன் புத்தகங்கள் என்ன சொல்லியிருந்தனவோ அப்படியே நடந்தது. புழுங்கலில் வைட்டமின் உண்டு, நீலம். தீட்டிய பச்சரிசியில் இல்லை, சிவப்பு. உன் சார் உன்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டதாக போனில் சொன்னாய். அதற்குப் பிறகு கட்டுரை வந்தது. காலேஜ் விழாவில் என்னையும் முன்வரிசையில் உட்காரவைத்து சால்வை போட்டார்கள். உன் சார் மைக்கில், "இந்தப் பையனோட அப்பா கையால வடிச்ச கஞ்சி" என்று சொன்னபோது எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். அந்தக் கும்பிடு இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஆடி அமாவாசையன்றுதான் எனக்குத் தெரிந்தது. தறிக்குப் பாவு நூல் ஓட்டுகிற பக்கத்து வீட்டுக்காரர் பட்டறைக்கு வந்திருந்தார், உனக்கு அவரைத் தெரியும், வாயைத் திறந்தால் கிண்டல்தான். அவரிடம் உன் வித்தையைக் காட்டலாம் என்று ஆசை. படையல் முடிந்து உன் அம்மா பச்சரிசிக் கஞ்சியை டம்ளரில் குடித்துக்கொண்டிருந்தாள். "பாருங்க, இது பச்சரிசிக் கஞ்சி. இதுல சத்து கிடையாது. அதனால நிறம் மாறாது" என்று சவால் விட்டு ஒரு சொட்டு விட்டேன். நீலமாகிவிட்டது. "இன்னா நைனா, ஒம்புள்ள கண்டுபுடிச்சது ஜல்தியா பல்டி அடிச்சிகினு போவுது?" என்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் போன பிறகு அந்த டம்ளரை வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பு. வடிக்கும்போது போடாவிட்டாலும் குடிக்கும்போது அவள் போட்டுக்கொண்டிருந்தாள். "உப்பில்லாம அதை மாடுகூட குடிக்காது" என்றாள். எனக்கு மார்கழி ஞாபகம் வந்துவிட்டது. வெறும் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்து, மிச்சமிருந்த சிவப்பில் ஒரு சொட்டை அதில் விட்டேன். அரிசியும் இல்லை, வைட்டமினும் இல்லை. அதுவும் நீலமானது. நம்பாமல் திரும்பவும் விட்டேன், பாட்டில் காலியாகும்வரை விட்டேன்.

உப்புத் தண்ணீர் நிறத்தைக் கெடுக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போர்வெல் தண்ணீர் உப்பாகிப்போன வருஷம் ஆற்றோரக் கிணற்றிலிருந்து வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து சாயம் போட்டவன் நான். நீயும் பொங்கலன்றே சொன்னாய், குழாய்த் தண்ணீர் படக் கூடாது, உப்புப் பட்டால் இது ஒட்டிக்கொள்ளும் என்று. தெரிந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். ஒருத்தனுக்குக் காய்ச்சல், ஒருத்தனுக்கு மிதப்பு.

தெரியாமல் செய்ததை நீ மன்னித்துவிடுவாய், எனக்குத் தெரியும். மன்னிக்கக் கஷ்டமானது அதற்குப் பிறகு நான் செய்தது. ஆடியில் தெரிந்த விஷயத்தை ஐப்பசியில் எழுதுகிறேன். மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன் ஆராய்ச்சியைப் பார்த்து வெளிநாட்டிலிருந்து உனக்கு அழைப்புக் கடிதம் வந்தது அந்த ஆவணியில்தான். தெரு முழுக்க லட்டு கொடுத்தேன். ஒவ்வொரு வீட்டிலும் லட்டை நீட்டும்போது, இப்போது சொன்னால் இவனுக்கு எல்லாம் போய்விடுமே என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். அவன் படித்தவன், அவனே கண்டுபிடித்துக்கொள்வான் என்றும் சொல்லிக்கொண்டேன். இப்படி நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானத்துக்கு அளவே கிடையாது. போன வாரம் நீ போனில், போளூர்ப் பக்கமும் தேவிகாபுரம் பக்கமும் இருக்கிற அங்கன்வாடிகளில் கர்ப்பிணிப் பெண்களின் வீட்டுக் கஞ்சியைச் சோதிக்கக் குப்பி தரப்போவதாகச் சொன்னாய். அங்கே நெல்லறுக்கிற, களையெடுக்கிற பெண்கள் குடிக்கிற கஞ்சியில் வேறு எது இருக்கிறதோ இல்லையோ, உப்பு இருக்கும். சொட்டு விட்டதும் நீலமாகும். 'உன் கஞ்சியில் சத்து இருக்கும்மா, மாத்திரை வேண்டாம்' என்று டீச்சர் சொல்லி அனுப்புவார். கால் எரிந்தால், வயல் ஈரத்தில் நின்றதால் என்று அவள் வீட்டுக்காரன் சொல்வான். நான் சொன்ன மாதிரியே சொல்வான்.

உனக்குத் தெரியாத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இனி எதற்கு மிச்சம் வைக்க வேண்டும்? நீ பிறந்த புதிதில் ஒரு கல்யாணப் புடவைக்கு அரக்குச் சாயம் போட்டேன். அவசர வேலை. நாலு தண்ணீர் அலச வேண்டிய நூலை இரண்டு தண்ணீரில் எடுத்துவிட்டேன். எனக்குத் தெரியும், அது சாயம் விடும் என்று. முதல் நனைப்பில் கரையின் அரக்கு இறங்கிப் புடவையின் சந்தன நிற உடல் முழுக்கத் திட்டுத்திட்டாகிவிட்டது. பெண்ணின் அம்மா அந்தப் புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மொதல் தண்ணி உப்புத் தண்ணில அலசினீங்களா?" என்று கேட்டேன். "இல்லீங்களே, யாரும் சொல்லலீங்களே" என்றாள். "அதான்" என்றேன். முதல் அலசலில் உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று ஜனங்கள் நம்புவார்கள், அதைப் பிடித்துக்கொண்டேன். அவள், "எங்க தப்புதாங்க, தெரியாம பண்ணிட்டோம், மன்னிச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். தப்பு செய்தவனிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள். வீடு எங்கே என்று எனக்குத் தெரியும். நாளைக்குப் போய்ச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். பிறகு அவர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். இருபத்தெட்டு வருஷமாகியும் அந்த 'அதான்' என்ற என் குரல் எனக்குக் கேட்கிறது. தொழில் தெரிந்தவன் வாயிலிருந்து வருவதை ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள் மகனே. உன் நீலத்தையும் நம்பிவிடுவார்கள்.

புத்திமதி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. தொழிலில் கற்ற ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஈரத்தில் பார்த்த நிறத்தை நம்பாதே. ஈர நூல் எப்போதும் நாம் ஆசைப்பட்ட நிறத்தைக் காட்டும். ஒரு இழையைப் பிழிந்து, காயவைத்து, வெயிலில் வைத்துப் பார்த்தால்தான் அதன் சொந்த நிறம் தெரியும். நினைத்தது நினைத்தபடியே வருகிற அன்றைக்குத்தான் இன்னொரு இழை காயவைக்க வேண்டும். அன்று நாம் இரண்டு பேருமே ஈரத்தில் பார்த்துவிட்டோம்.

இந்தக் கடிதத்தோடு ஆறு பொட்டலம் அரிசி பார்சலில் வரும். அதே மில், அதே ரகம், பொட்டலத்தின் மேலே எழுதியிருக்கிறேன். நீயே வடி, யார் கையிலும் கொடுக்காதே. உப்பில்லாத புழுங்கல் கஞ்சியில் உன் சிவப்பு மாறுமா, மாறாதா என்று எனக்குத் தெரியாது. பார்த்துச் சொல்லலாம் என்றால் இருந்த தண்ணீரையெல்லாம் நான் உப்பிலேயே தீர்த்துவிட்டேன். மாறினால் உன் வேலை நிலைக்கும், நான் ஒருத்தன்தான் முட்டாளாவேன், அது எனக்குப் பழக்கம்தான். மாறாவிட்டால் கட்டுரை போகும், பயணம் போனாலும் போகும். சால்வையை நானே பஸ் ஏறி வந்து திருப்பிக் கொடுக்கிறேன். உன் சாரிடம் என் பெயரைச் சொல், கூச்சப்படாதே. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், உன்னை நினைக்கச் சொல்ல மாட்டேன், வேண்டிய மட்டும் திட்டிக்கொள். ஆனால் எந்த நிறம் வந்தாலும் சரி, அந்தக் குப்பிகளை இப்போதைக்குக் கொடுத்துவிடாதே. உப்பையும் வைட்டமினையும் பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியும்வரை கொடுக்காதே. கொடுக்கப்போவது உன் அம்மாவின் காலைப் பிடித்துவிட்ட கை. இதை நான் கட்டளையாகவே சொல்கிறேன், கடைசியாக ஒரு கட்டளை.

நேற்று முன்தினம் எல்லாவற்றையும் உன் அம்மாவிடம் சொன்னேன். அதுவரை அவளுக்கும் சொல்லவில்லை. அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். காலைத் தடவிக்கொண்டே எழுந்து போய், உப்பு ஜாடியைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டாள். "புள்ள வடிச்சிப் பாத்துட்டு இன்னான்னு சொல்ற வரைக்கும் இந்த வீட்ல உலைக்கு உப்பு கெடயாது" என்றாள். ஆனாலும் என் மேல் இரக்கம், தட்டு ஓரத்தில் ஒரு சிட்டிகை தனியாக வைக்கிறாள், வேண்டுமென்றால் தொட்டுக்கொள்ளலாம் என்று. ஐந்து வேளையாக அது அப்படியே இருக்கிறது. உன் போன் வரட்டும், அப்புறம் தொட்டுக்கொள்கிறேன்.

அப்பா